கண்மாய்க்கரையில் வாழ்வின் பொருள்

மனிதர் எதற்காக வாழ்கிறார் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளும் இன்றைய நூல்களும் பயிற்சி வகுப்புகளும் பெரும்பாலும் ஒருவரை அவர் உள்ளத்துக்குள் திருப்பிவிடுகின்றன. தமக்குப் பிடித்தது எது, தம் திறமை எது, தமக்கு நிறைவு தருவது எது என்று தனியே அமர்ந்து ஆராய்ந்தால் வாழ்வின் நோக்கம் தென்பட்டுவிடும் என்பது அவற்றின் நம்பிக்கை. மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் நெடுங்காலமாக நிலவிவந்த வாழ்முறையோ அதே கேள்விக்கு வெளியிலிருந்து விடை தந்தது. நீர், நிலம், கால்நடை, பறவை, பக்கத்து ஊர்க்காரர் என்று சுற்றியுள்ள அனைத்தோடும் ஒருவருக்கு இருந்த கொடுக்கல் வாங்கலிலிருந்தே அவர் செய்யவேண்டிய வேலை பிறந்தது. அந்த வேலையைச் செய்துவந்ததில் அவர் யார் என்பதும் முடிவாயிற்று. இதைப் பழம்பெருமையாக மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது என்பதற்கு, இதே மாவட்டத்தின் டி. கல்லுப்பட்டியில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஒரு பொருளியல் அறிஞரின் வாழ்வும், மேலூருக்கு அருகே அரிட்டாபட்டியில் அண்மையில் நடந்த போராட்டமும் சான்றாகின்றன.

முதலில் நிலத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரைச் சமவெளியில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவே மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகையோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. ஆகவே பெய்த நீரைப் பிடித்துவைக்கத் தெரிந்தவர்களே இங்கு ஊர் அமைத்து வாழ முடிந்தது. சரிவான நிலத்தின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்பி, மேட்டிலிருந்து வரத்துக் கால்வாய் வழியே வரும் நீரைத் தேக்கி, மடை வழியாக வயலுக்கு விடும் அமைப்பைத்தான் இப்பகுதியினர் கண்மாய் என்கின்றனர். கண்மாய் நிறைந்தபின் மிஞ்சும் நீர் கலுங்கு எனப்படும் வழிந்தோடி வழியாக வெளியேறி, அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்தாகிறது. இவ்வாறு நீர் வழிவதை ‘மறுகால் பாய்கிறது’ என்பார்கள். ஓர் ஊர் தன் கலுங்கை உயர்த்திக் கட்டினால் கீழேயுள்ள ஊர் காயும், தன் கரையைப் பராமரிக்காமல் விட்டால் உடைப்பெடுத்த நீரில் அந்தக் கீழ் ஊரே மூழ்கும். சங்கிலித் தொடர்போல அமைந்த இந்தக் கண்மாய்களில் எந்த ஊரும் தனக்காக மட்டும் நீரைத் தேக்கிக்கொள்ள முடியாது.

இந்த அமைப்பு தானாக இயங்குவதும் இல்லை. வரத்துக் கால்வாயைக் கோடையில் செதுக்கிவிட வேண்டும். கரையில் நண்டு வளையும் எலி வளையும் உண்டா என்று பார்க்க வேண்டும். அடைமழை இரவில் கலுங்கைக் காவல் காக்க வேண்டும். இந்த வேலைகளுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று உழைப்பைத் திரட்டிய வழக்கமே குடிமராமத்து எனப்பட்டது. நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் பொறுப்பு நீர்ப்பாய்ச்சி என்பவருடையது. நீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் மடை திறப்பது என்று முடிவானபின், அவரைத் தவிர வேறு யாரும், நில உடைமையாளரே ஆனாலும், மடையில் கை வைக்கக் கூடாது. அறுவடைக் களத்தில் அவருக்கு நெல்லாகவே கூலி அளந்தார்கள். கோடையில் கண்மாய்க்குள் படிந்த வண்டலை வண்டிகளில் அள்ளி வயலுக்கு உரமாகச் சேர்த்தபோது, கண்மாய் தூர்வதும் தடுக்கப்பட்டது, நிலத்துக்கு வளமும் திரும்பியது. கரையோரக் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் அடைந்தன. நீர் வற்றிய பரப்பில் ஆடுமாடுகள் மேய்ந்தன.

மேலூர், நத்தம் வட்டாரங்களில் இன்றும் நடக்கும் மீன்பிடித் திருவிழா இந்த ஒழுங்கின் மகிழ்ச்சியான முகம். நீர் வற்றும் காலம் வரும்வரை கண்மாயில் மீன் பிடிக்காமல் ஊர் கட்டுப்பாடு காக்கிறது. நாள் குறித்தபின் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் வலையுமாகக் காத்திருந்த கூட்டம் ஒரே நேரத்தில் இறங்குகிறது. ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த கூம்பு வடிவக் கூடை. கலங்கிய நீரில் அதைக் கவிழ்த்து, உள்ளே அகப்பட்ட மீனை மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பார்கள். பிடித்த மீனை விற்பதில்லை, குழம்பு வைத்து உறவுக்காரர்களோடு உண்பதே முறை என்ற வழக்கம் பல ஊர்களில் உண்டு. பல மாதக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு நாள் கொண்டாட்டத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கவனிக்காமல், இதை வெறும் கேளிக்கையாகப் படம் பிடித்துக் காட்டுவது இப்போதைய வழக்கமாகிவிட்டது.

எனினும் இந்த வாழ்முறையைப் பொற்காலமாக வரைவது நேர்மையாகாது. நீர்ப்பாய்ச்சிப் பொறுப்பு பல ஊர்களில் தலித் குடும்பங்களின் மேல் பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. ஆயக்கட்டில், அதாவது கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பில், அவர்களுக்கு நிலம் இல்லாததால் அவர்கள் நடுநிலையாக நீர் பங்கிடுவார்கள் என்று சொல்லப்பட்ட காரணமே அந்த அநீதியின் அளவைக் காட்டிவிடுகிறது. கண்மாயைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவருக்கு அதன் விளைச்சலில் உரிமை கிடைக்கவில்லை. நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுதும் நின்ற பெண்களுக்கு ஊர்க்கூட்டத்தில் குரல் இருக்கவில்லை. பிறப்பு சுமத்திய வேலையை வாழ்வின் நோக்கம் என்று பெயர் மாற்றி அழைத்தால் அது சாதிக்குப் பூசும் அரிதாரமாகிவிடும்.

அந்தச் சுமையின் உள்ளிருந்தே வேறொரு வழியைக் கண்டவர்களும் இம்மண்ணில் உண்டு. அழகர்கோயிலுக்கு அருகேயுள்ள புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளை சொந்த நிலமற்ற விவசாயக் கூலித் தொழிலாளி. நடவு, அறுவடை வேலைகளுக்கு ஆள் திரட்டி, கூலி பேசி, வேலையைப் பங்கிட்டுத் தரும் கொத்துத் தலைவியாக இருந்தவர். அந்தத் தலைமையே அவரைக் களஞ்சியம் எனப்படும் மகளிர் சேமிப்புக் குழுக்களின் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. நடுவண் அரசின் ஸ்திரீ சக்தி விருதை அவருக்கு வழங்கிய மேடையில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது நாடெங்கும் பேசப்பட்டது. 2019ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. ஒருவருக்கு மண்ணோடு உள்ள உறவைப் பட்டா நிலத்தின் அளவால் அளக்க முடியாது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

மண்ணோடு ஒட்டிய வாழ்வைத் தெளிவான பொருளியல் கோட்பாடாக வகுத்தவர் ஜே. சி. குமரப்பா. 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஜோசப் செல்லதுரை கார்னிலியஸ் என்ற பெயரோடு பிறந்த அவர், லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தி, மேல்நாட்டு உடையும் பழக்கமுமாகச் செல்வாக்கோடு வாழ்ந்தவர். பின்னர் அமெரிக்காவின் சிரக்கூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தபோது, ஆங்கில ஆட்சியின் வரிக்கொள்கைக்கும் இந்திய வறுமைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆய்வே அவரைத் தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கவைத்தது. 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தபோது அவருக்கு வயது 37. குஜராத்தின் மாதர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராயும் பணியைக் காந்தி அவரிடம் ஒப்படைத்தார். நிறுவனங்களின் கணக்கைப் பார்த்துப் பழகிய கண்கள் அங்கே உழவரின் வரவு செலவைப் பார்த்தன. இதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1921 செப்டம்பர் 22 அன்று, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி, எளிய மக்களின் அரையாடையையே தம் உடையாக ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. உடை மாற்றத்தை எளிதாகப் போற்றிவிடலாம். அந்த உடைக்கு உரியவர்களின் பொருளாதாரம் எப்படி இயங்குகிறது என்பதை முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் குமரப்பாவே.

1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து அவர் நடத்தினார். சிறைவாசத்தின்போது எழுதப்பட்டு 1945இல் வெளிவந்த ‘எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ என்ற நூலில் நிலைத்த பொருளாதாரம் எது என்று கேட்டு, அதற்கான விடையை உயிரினங்களின் நடத்தையில் தேடினார். ஆட்டைக் கொன்று தின்னும் புலியின் வாழ்வை ஒட்டுண்ணிப் பொருளாதாரத்துக்கும், தோப்பில் புகுந்து தான் வளர்க்காத பழத்தைத் தின்னும் குரங்கின் வாழ்வைக் கொள்ளைப் பொருளாதாரத்துக்கும் அவர் எடுத்துக்காட்டினார். தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் பறவை முயற்சிப் பொருளாதாரத்துக்கும், கூட்டம் முழுவதற்குமாகத் தேன் சேர்க்கும் தேனீ கூட்டுப் பொருளாதாரத்துக்கும் அடையாளம். குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை கைம்மாறு எதிர்பாராத சேவைப் பொருளாதாரத்துக்கு அடையாளம். இதையே அவர் உச்சப் படியில் வைத்தார். விலங்கியலாக இதைப் படித்தால் குறைகள் தென்படும். காட்டைச் சமநிலையில் வைப்பதில் புலிக்கும் விதை பரப்புவதில் குரங்குக்கும் உள்ள பங்கு இன்று நன்கு அறியப்பட்டது. ஆனால் குமரப்பாவின் அக்கறை மனிதரைப் பற்றியது. மற்ற உயிர்கள் இயல்பூக்கத்தால் செய்வதை மனிதர் தெரிந்து தேர்ந்து செய்ய முடியும் என்பதால், தாம் எந்தப் படியில் நிற்பது என்று முடிவுசெய்யும் பொறுப்பும் மனிதருக்கே உண்டு என்றார்.

வேலையைப் பற்றியும் அவர் இதே கண்ணோட்டத்தில்தான் எழுதினார். உணவு உடலை வளர்ப்பதுபோல, தக்க முறையில் அமைந்த வேலை மனிதரின் உயர்ந்த ஆற்றல்களை வளர்க்கிறது என்ற அவருடைய கருத்தை, 1973இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற ‘ஸ்மால் ஈஸ் பியூட்டிஃபுல்’ நூலில் பொருளியலாளர் ஷூமாக்கர் எடுத்தாண்டிருக்கிறார். இயற்கை வளங்களைக் குமரப்பா இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், கனிமங்கள் ஆகியவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்க வளங்கள். ஓடும் நீர், காற்று, வளரும் மரம், விளையும் பயிர் ஆகியவை மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கும் ஓட்ட வளங்கள். தேக்க வளத்தை நம்பிய நாடுகள் அதற்காக ஒன்றோடொன்று மோதும் என்றும், ஓட்ட வளத்தை நம்பிய வாழ்வில் வன்முறைக்கு இடம் குறைவு என்றும் அவர் எச்சரித்தார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கை அவருடைய சங்கம் உருவாக்கிப் பரப்பியது இந்தக் கருத்தின் செயல்வடிவம். நாட்டு விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, நிலம் உழுபவருக்கே உரியதாக வேண்டும் என்ற நிலைப்பாட்டை அறிக்கையாக்கினார். கண்மாய்ச் சமூகத்தின் பெருங்குறை எதுவோ அதை அவர் காணாமல் விடவில்லை.

உடல் நலிந்த நிலையில் 1950களில் அவர் தேர்ந்தெடுத்த இடம் டி. கல்லுப்பட்டி. 1940இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் அங்கே கல்வியும் கைத்தொழிலுமாக இயங்கிவந்தது. வானம் பார்த்த கரிசல் காடுகள் சூழ்ந்த அந்தச் சிற்றூரில் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தபடி, எழுதிக்கொண்டும் சுற்றுவட்டாரக் கிராமங்களைக் கவனித்துக்கொண்டும் இருந்த அவர், காந்தி மறைந்த அதே ஜனவரி 30ஆம் நாளில், 1960இல் காலமானார். மதுரையில் அவர் பெயர் அறிந்தவர்கள் இன்று குறைவு. உலகச் சூழலியல் பொருளியலார் அவரை முன்னோடியாக மதிக்கத் தொடங்கியிருக்கும் காலத்தில் இது வருந்தத்தக்கது.

மனிதரை மற்ற உயிர்களோடு சேர்த்துப் பார்க்கும் திசையில் மேல்நாட்டு அறிவியலும் கொஞ்சம் நடந்திருக்கிறது. உயிர்களின்பால் மனிதருக்குள்ள இயல்பான ஈர்ப்பை உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1984இல் ‘பயோஃபிலியா’ என்ற நூலில் விவரித்தார். அதே ஆண்டு ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அறுவை சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்திருந்தவர்களைவிட விரைவாக வீடு திரும்பியது பதிவானது. ஆனால் மரத்தைப் பார்த்து அமைதி பெறுவது வேறு, மரத்துக்குத் தான் பொறுப்பு என்று உணர்வது வேறு. நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட உளவியல் மருத்துவர் விக்டர் பிராங்கல், வாழ்வின் பொருள் என்ன என்று மனிதர் கேட்பதைவிட, வாழ்வு தம்மிடம் என்ன கேட்கிறது என்று கவனித்து அதற்குச் செயலால் விடை தருவதே சரி என்று வாதிட்டார். கோடையில் வரத்துக் கால்வாயைச் செதுக்கப் போனவருக்கு அந்த வாதம் புதிதாக இருந்திருக்காது.

அத்தகைய கேள்வி ஒன்று அண்மையில் அரிட்டாபட்டிக்கு வந்தது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில், ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, எந்த உயிருக்கும் தீங்கிழைக்காமை என்ற நோன்பேற்ற சமண முனிவர்கள் குகைத்தளங்களில் கற்படுக்கைகள் அமைத்து வாழ்ந்தனர். அவர்களுக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்களைத் தமிழ் பிராமி எழுத்துகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அரிட்டாபட்டியின் கழிஞ்சமலையும் அத்தகைய இடங்களுள் ஒன்று. பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் அங்குள்ளது. ஏழு குன்றுகளின் வடிநீர் இறங்கும் இப்பகுதியில் 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் இருப்பதாகவும், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு உள்ளிட்ட சுமார் 250 வகைப் பறவைகளும் எறும்புத்தின்னியும் தேவாங்கும் மலைப்பாம்பும் வாழ்வதாகவும் அரசு பதிவுசெய்திருக்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193.42 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. உயிரினப் பன்மையும் பண்பாட்டுச் சின்னங்களும் ஒருங்கே அமைந்த இடங்களைக் காக்க 2002ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டம் வகுத்த ஏற்பாடு அது. அறிவிப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மேலூர் வட்டாரத்தின் குன்றுகள் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்ட காலத்தில், இவ்வூர் மக்கள் தங்கள் மலையை விட்டுக்கொடுக்காமல் நின்றிருந்தார்கள்.

2024 நவம்பரில் இதே வட்டாரத்தில் 2015.51 ஹெக்டேர் பரப்புள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை நடுவண் அரசு ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஒதுக்கியது தெரியவந்தது. டங்ஸ்டன் என்பது துளையிடும் கருவிகளின் முனைக்கும் பழைய மின்விளக்குகளின் இழைக்கும் பயன்படும் மிகக் கடினமான உலோகம். குமரப்பாவின் பாகுபாட்டில் அது தேக்க வளம், அதன் மேலே கிடக்கும் கண்மாய்களோ ஓட்ட வளம். கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதியின் ஆயிரக்கணக்கான மக்கள் மதுரை தல்லாகுளம் நோக்கிப் பேரணியாக நடந்தார்கள். ஜனவரி 23 அன்று நடுவண் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்துசெய்தது. உலோகத் தேவை பொய்யென்று யாரும் சொல்லவில்லை. இந்த மக்களும் கைபேசியும் மோட்டார் சைக்கிளும் பயன்படுத்துபவர்களே. எனினும் தம் ஊர் மலையும் கண்மாயும் அழிந்தபின் தாம் யாராக இருப்போம் என்ற கேள்விக்கு இழப்பீட்டுத் தொகையில் விடை இல்லை என்று அவர்கள் கண்டுகொண்டதில்தான் அப்போராட்டத்தின் வலிமை இருந்தது.

மதுரை நகரத்துக்குள் அந்தக் கேள்வியை எழுப்ப ஆள் இல்லாமல் போனது. தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி மாளிகையும், உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளையும் நிற்கின்றன. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் அந்த நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்படுவதை நகரவாசிகள் கசப்போடு சுட்டிக்காட்டுவதுண்டு. குழாயில் நீர் வரத் தொடங்கியபின் கண்மாய்க்கும் வீட்டுக்குமான கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணிய தலைமுறைகள், கண்மாயை மட்டுமன்றி அதைச் சார்ந்த வேலைகளையும் பொறுப்புகளையும் சேர்த்தே இழந்தன. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997 முதல் இயங்கும் தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பெயரில் பாசன விவசாயிகளைச் சங்கங்களாகத் திரட்டிக் கண்மாய்களைச் சீரமைத்துவருகிறது. 2017இல் தமிழ்நாடு அரசும் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒப்பந்தக்காரரின் இயந்திரம் தூர்வாரி முடித்துச் சென்றபின் கரையை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் இத்தகைய திட்டங்கள் தடுமாறுகின்றன; பயனாளி என்று பெயர் பதிந்துகொள்பவர் எல்லாரும் இரவில் கலுங்கைக் காவல் காக்க வருவதில்லை.

சட்டத்தின் பாதுகாப்பும் எல்லைக்கு உட்பட்டதே. ஏலம் விடப்பட்ட பரப்பு, பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பரப்பைப் போலப் பத்து மடங்கு. எஞ்சிய வயலும் கண்மாயும் கோயில்காடும் எந்தப் பட்டியலிலும் இல்லாமலே இருந்தன, அவற்றைக் காத்தது கிராம சபைத் தீர்மானமும் மக்களின் நடைப்பயணமும்தான். ஏலம் ரத்தான இரண்டு மாதங்களில், 2025 மார்ச்சில், அழகர்மலைக்கு அப்பால் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியிலுள்ள காசம்பட்டி வீரகோயில் காடு மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர், ஏறத்தாழ பன்னிரண்டு ஏக்கர் மட்டுமே. சாமிக்கு உரிய காடு என்று ஊரார் அதன் மரங்களில் கோடரி வைக்காமல் காத்துவந்ததால்தான், அறிவிப்பதற்கு அரசுக்கு அங்கே ஒரு காடு மிஞ்சியிருந்தது.